கை வரவில்லை என்றால் பழுது எங்கே? நரம்பியல் மருத்துவத்துக்கு ஓர் அறிமுகம்

தமிழில் 'நரம்பு' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். கோபத்தில் நெற்றியில் புடைப்பது நரம்பு. ரத்தம் எடுக்கும்போது தாதி முழங்கை மடிப்பில் தட்டித் தேடுவது நரம்பு. நாள் முழுவதும் நின்று வேலை செய்பவர்களின் கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு தெரிவதும் நரம்பு. சங்கப் பாடல்களில் யாழில் கட்டப்பட்ட தந்தியும் நரம்புதான். முதல் மூன்றும் உண்மையில் ரத்தக் குழாய்கள், அதாவது சிரைகள். நரம்பியல் மருத்துவர் கவனிக்கும் நரம்பு தோலுக்கு மேலே தெரிவதில்லை. அது ரத்தத்தைச் சுமப்பதுமில்லை. மூளையின் கட்டளையைத் தசைக்கும், தோலின் உணர்வை மூளைக்கும் மின்துடிப்புகளாகக் கொண்டு செல்வதே அதன் பணி. இந்தச் சொற்குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. ஏனெனில் சுருள் சிரைக்கு நரம்பு மருத்துவரைத் தேடுபவர்களும், கை மரத்துப்போவதை 'ரத்த ஓட்டம் சரியில்லை' என்று முடிவுகட்டித் தைலம் தேய்த்தபடியே ஆண்டுகளைக் கழிப்பவர்களும் நம்மிடையே குறைவில்லை. என் தாயார் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 'நரம்புத் தளர்ச்சி' என்று விளம்பரங்களில் சொல்லப்படுவதை ஒரு நோயின் பெயராக எந்த நரம்பியல் மருத்துவரும் எழுதித் தருவதில்லை என்பதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடலாம்.

மூளை, தண்டுவடம், அங்கிருந்து உடலெங்கும் பிரியும் நரம்புகள், அந்த நரம்புகள் இயக்கும் தசைகள் ஆகிய நான்கிலும் வரும் நோய்களைக் கண்டறிந்து மருந்தால் கவனிப்பவர் நரம்பியல் மருத்துவர். கத்தி எடுத்து அறுவை செய்பவர் வேறு. அவர் நரம்பியல் அறுவை மருத்துவர். மனச்சோர்வு, மனப்பதற்றம் முதலியவற்றைப் பார்ப்பவர் மனநல மருத்துவர். சிங்கப்பூரில் இந்தத் துறைக்கென்றே தேசிய நரம்பியல் கழகம் 1999 முதல் இயங்கி வருகிறது. டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்திலும் ஊட்ரமில் உள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் அதன் மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கிறார்கள்.

மற்றத் துறைகளில் 'என்ன நோய்?' என்பதே மருத்துவரின் முதற்கேள்வியாக இருக்கலாம். நரம்பியலில் அதற்கு முன்பாக இன்னொரு கேள்வி வருகிறது: பழுது எந்த இடத்தில்? இதற்கு விடை கிடைக்காமல் ஸ்கேன் எடுப்பதில் பயனில்லை, ஏனென்றால் எந்தப் பகுதியை எடுப்பது என்பதே தெரிந்திருக்காது. ஒருவரின் கால் வலுவிழந்ததற்குக் காரணம் இடுப்பிலும் இருக்கலாம், கழுத்திலும் இருக்கலாம், மூளையின் உச்சியிலும் இருக்கலாம். இடுப்பை மட்டும் படமெடுத்து 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று நிம்மதியடைவதைவிட ஆபத்தான நிம்மதி வேறில்லை.

இடத்தைத் தேடுவது எப்படி என்று புரிய, கட்டளை போகும் பாதையைத் தெரிந்துகொண்டால் போதும். ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மூளையிலிருந்து 12 இணை நரம்புகள் முகம், கண், நாக்கு போன்றவற்றுக்கு நேரடியாகச் செல்கின்றன. மற்ற கட்டளைகள் தண்டுவடத்தின் வழியே இறங்கி, 31 இணை நரம்பு வேர்களாக வெளியேறி, பின்னிப் பிரிந்து, கைகால்களின் நரம்புகளாகின்றன. ஒவ்வொரு நரம்பும் இறுதியில் தசையைத் தொடும் இடத்தில் ஒரு நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை மின்சாரம் தாண்டுவதில்லை, ஒரு வேதிப்பொருளே தாண்டுகிறது. அதற்கு அப்பால் தசை. முன்கையில் ஓடும் நரம்பில் இந்தத் துடிப்பு ஒரு விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் பாய்வதால், நினைத்த மாத்திரத்தில் விரல் அசைகிறது.

இப்போது ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்வோம்: 'கை வரவில்லை.' இந்தப் பாதையில் எந்த இடம் பழுதானாலும் நோயாளி சொல்வது இந்த இரண்டு சொற்களாகத்தான் இருக்கும். ஆனால் பழுது இருக்கும் இடத்துக்கு ஏற்ப, கையோடு சேர்ந்து வேறு என்ன கெடுகிறது என்பது மாறும். அந்தத் துணைக்குறிகளைச் சேகரிப்பதுதான் நரம்பியல் மருத்துவரின் கலை.

பழுது மூளையில் என்றால், பெரும்பாலும் உடலின் எதிர்ப்பக்கம் முழுவதும் சேர்ந்து பாதிக்கப்படும். இடது மூளையில் ரத்தக் குழாய் அடைத்தால் வலது கை, வலது கால், முகத்தின் வலது கீழ்ப்பகுதி ஆகியவை சோர்வதோடு, பலருக்குப் பேச்சும் குழறும். இதுவே பக்கவாதம். திடீரென்று, சில விநாடிகளுக்குள் வருவது இதன் முத்திரை. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தை அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். பெரிய குழாய் அடைபட்ட சிலருக்குத் தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைக்கும் குழல்வழி அடைப்பை வெளியே இழுப்பதும் உண்டு; தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். எந்த முறையானாலும் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நட்டமே. 'கொஞ்சம் படுத்துப் பார்க்கிறேன்' என்று சொல்வதும், பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) காலையில் திறக்கட்டும் என்று காத்திருப்பதும், மகன் வேலையிலிருந்து கார் எடுத்து வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதும் வேண்டாம். சிங்கப்பூரின் அவசர மருத்துவ ஊர்திக்கான 995 எண்ணை அழைக்க வேண்டும். அழைக்கும்போதே, அவரைக் கடைசியாக நல்ல நிலையில் எப்போது பார்த்தோம் என்பதையும் நினைவுபடுத்தி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மருத்துவர்கள் அந்த நேரத்திலிருந்துதான் கணக்கிடுவார்கள்.

இங்கே ஓர் அழகான நுட்பத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டால் அது பக்கவாதமா, முகவாதமா என்று மருத்துவர் எப்படிப் பிரிக்கிறார்? புருவத்தை உயர்த்தி நெற்றியைச் சுருக்கச் சொல்கிறார். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே ஒரு பாதி அடைபட்டாலும் மறுபாதி அதைக் காப்பாற்றிவிடும். பக்கவாத நோயாளியால் நெற்றியைச் சுருக்க முடியும். முகவாதத்தில் பழுதாவது மூளையிலிருந்து வெளியே வந்துவிட்ட முக நரம்பு. அது அந்தப் பக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான் என்பதால் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கும், கண்ணும் மூடாது. பல லட்சம் வெள்ளி மதிப்புள்ள கருவி சொல்லும் விடையை, நெற்றியில் விழும் அல்லது விழாத மூன்று கோடுகள் சொல்லிவிடுகின்றன. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாய் கோணினால் முதலில் மருத்துவமனை, பிறகுதான் ஆராய்ச்சி. முகவாதமாகவே இருந்தாலும் அதற்கான ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

பழுது கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் என்றால் முகமும் பேச்சும் தப்பிவிடும்; ஆனால் கைகளோடு கால்களும் விறைக்கும், சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறும், சிறுநீரை அடக்குவதில் சிக்கல் வரும். நரம்பு வேரில் என்றால் கழுத்திலிருந்து கையின் ஒரு பட்டை வழியே மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி இறங்கும்.

அடுத்து வருவது கைகால்களில் ஓடும் நரம்பு. நம் குடும்பங்களில் அதிகமாகக் காணப்படும் பழுது இங்கேதான். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் நீளமான நரம்புகள்தாம் முதலில் கெடுகின்றன. ஆகவே பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் தொடங்கி, காலுறை அணிந்ததுபோல் மெல்ல மேலேறி, பின்னர் கையுறை அணிந்ததுபோல் விரல்களுக்கு வருகிறது. காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் காப்பிக்கடையிலிருந்து வீடுவரை நடந்து வருகிறவர்கள் இந்த நிலையில் இருப்பவர்களே. பி12 உயிர்ச்சத்துக் குறைவும் இதே போன்ற மதமதப்பைத் தரும். பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களும் இதற்கு ஆளாகக்கூடும். எனவே சைவமாகவும் இருந்து மெட்ஃபார்மினும் சாப்பிடும் நம் மூத்தவர்களின் பாதம் மரத்தால், எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போட்டுவிடாமல் ஒரு ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறலாம். மாறாக, சில நாட்களுக்குள் இரண்டு கால்களும் கீழிருந்து மேலாகச் செயலிழந்துகொண்டே வருமானால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசையையும் அது எட்டக்கூடும் என்பதால் அதே நாளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நரம்பு தசையைத் தொடும் அந்த நுண்ணிய இடைவெளியில் பழுது வந்தால் கதையே வேறு. மயஸ்தீனியா கிராவிஸ் எனப்படும் நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் வழிதவறி, தசையின் மேல் அந்த வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் பகுதிகளைத் தாக்குகிறது. கட்டளை ஒழுங்காக வந்து சேர்கிறது, வாங்க ஆளில்லை. இதனால் காலையில் நன்றாக இருப்பவருக்கு மாலையில் இமை தொங்கும், உருவங்கள் இரண்டாகத் தெரியும், இரவு உணவை மெல்லும்போது தாடை பாதியில் ஓய்ந்துவிடும். ஓய்வெடுத்தால் மீண்டும் சரியாகும். மருத்துவரைப் பார்ப்பது காலை ஒன்பது மணிக்கு என்றால் எல்லாமே சரியாகத் தெரிய, 'மன அழுத்தம்' என்ற பட்டத்தோடு திரும்பிய நோயாளிகள் உலகெங்கும் உண்டு. 1934இல் லண்டன் கிரீனிச்சில் பணியாற்றிய மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோயின் களைப்பு கியூராரே என்ற அம்புநஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கவனித்து, அந்த நஞ்சுக்கு மாற்றான பைசோஸ்டிக்மைனைச் செலுத்திப் பார்த்தார். தொங்கிய இமை திறந்தது. இன்று கொடுக்கப்படும் பைரிடோஸ்டிக்மைன் மாத்திரை அதே வழியில் வந்ததுதான்.

கடைசியாகத் தசை. தசை நோய்கள் பெரும்பாலும் உடலின் நடுப்பகுதிக்கு அருகிலுள்ள பெரிய தசைகளைப் பிடிக்கின்றன. விரல்கள் எழுதும், ஆனால் எம்ஆர்டி ரயிலில் மேலே தொங்கும் கைப்பிடியை எட்டிப் பிடிக்க முடியாது. தலை சீவக் கை உயராது. கோயிலில் சப்பணமிட்டு உட்கார்ந்தவர் தொடையில் கையூன்றித்தான் எழுவார். பிறவியிலேயே மரபணுவில் வருபவையும், எதிர்ப்பாற்றல் கோளாறால் இடையில் வருபவையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் அரிதாக வருபவையும் இதில் அடங்கும். அதற்காக ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இடம் தெரிந்தபின் அடுத்த கேள்வி, எவ்வளவு வேகத்தில் வந்தது என்பது. விநாடிகளில் வந்தது ரத்தக் குழாய் அடைப்பாகவோ வலிப்பு போன்ற மின்கோளாறாகவோ இருக்கலாம். கண் முன் வளைவு வளைவாக ஒளிக்கோடு தோன்றி, இருபது முப்பது நிமிடங்களில் மெல்லப் பரவி, பின் தலைவலி தொடர்ந்தால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. நாட்களிலும் வாரங்களிலும் முற்றுவது அழற்சியாக இருக்கலாம். மாதங்களிலும் ஆண்டுகளிலும் ஊர்ந்து வருவது தேய்மானமாகவோ மெதுவாக வளரும் கட்டியாகவோ இருக்கலாம். ஆகவே 'ரொம்ப நாளாகவே இருக்கிறது, டாக்டர்' என்ற விடை மருத்துவருக்கு ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை. 'தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தபோது கை நன்றாக இருந்தது, பொங்கலுக்குப் பானை தூக்க முடியவில்லை' என்று சொன்னால் அதில் பாதி நோயறிதல் முடிந்துவிடுகிறது.

இதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற சுத்தியல். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறும் என்பதை 1875இல் எர்ப், வெஸ்ட்பால் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் தனித்தனியே எழுதினார்கள். உதறல் வழக்கத்தைவிட அதிகமானால் பழுது மேலே, மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கலாம்; குறைந்தால் கீழே, நரம்பில் இருக்கலாம். உள்ளங்காலைக் கீறும்போது பெருவிரல் மேல்நோக்கி எழுந்தால் பழுது மேலே என்பதை 1896இல் பாரிஸில் பாபின்ஸ்கி காட்டினார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைக் கீறுவதைக் கண்டு நம் பாட்டிமார் கூசிச் சிரித்தாலும், அந்தச் சோதனைக்கு இன்றும் மாற்று வரவில்லை. எம்ஆர்ஐ, நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை, தசையில் மெல்லிய ஊசியிட்டு மின்னோட்டத்தைக் கேட்பது, முதுகில் தண்டுவட நீர் எடுப்பது ஆகியவை எல்லாம் ஏற்கெனவே எழுந்த ஐயத்தை உறுதிசெய்ய வருபவை. முதல் சந்திப்பிலேயே ஸ்கேன் எழுதித் தராத மருத்துவரை 'ஒன்றும் பார்க்கவில்லை' என்று குறைசொல்வது நம்மவர் வழக்கம். அரை மணி நேரம் கேள்வி கேட்டவர்தான் அதிகம் பார்த்தவர் என்பது என் கருத்து.

வலிப்பு நோயை இந்தப் பாதையில் ஒரு புள்ளியில் நிறுத்த முடியாது. அது மூளை அணுக்கள் ஒருசேரக் கட்டுமீறித் துடிக்கும் மின்புயல். 1924இல் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைத் தலைமேல் பதிவுசெய்தார். இன்றும் அந்த இஇஜி சோதனை பயனில் உள்ளது. ஆனால் சோதனை நடக்கும் நேரத்தில் வலிப்பு வராவிட்டால் அது இயல்பாகவே தெரியலாம். எனவே வலிப்பை நேரில் பார்த்தவரின் சாட்சியமே பெரிது. சிங்கப்பூரில் பல முதியவர்களுக்கு அந்தச் சாட்சி வீட்டுப் பணிப்பெண்தான். பிள்ளைகள் விடுப்பெடுத்து மருத்துவமனைக்கு வருகிறார்கள், பார்த்தவரோ வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறார். அவரையும் அழைத்துச் செல்லுங்கள், அல்லது கைப்பேசியில் ஒரு காணொளியாவது எடுத்து வரச் சொல்லுங்கள். வலிப்பு வரும்போது கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்பதால், வலிப்பை நிறுத்தியது சாவிதான் என்ற பெயர் அதற்குக் கிடைத்துவிட்டது. வாயில் எதையும் வைக்காமல், கூரான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் மென்மையாக எதையாவது வைத்து, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் 995.

பார்க்கின்சன் நோயில் கவனிப்பின் இன்னொரு முகம் தெரிகிறது. மூளையின் ஆழத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால், ஓய்வாக மடியில் கிடக்கும் கை நடுங்குகிறது, நடை சுருங்குகிறது, கையெழுத்து எறும்பு ஊர்ந்தாற்போல் சிறுக்கிறது. பலருக்கு மோப்பம் குறைவதும் மலச்சிக்கலும் ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கும். குவளையைத் தூக்கும்போது மட்டும் நடுங்குகிற கை பெரும்பாலும் வேறு நோயைச் சேர்ந்தது. லெவோடோபா மாத்திரை இந்த நோயாளிகளுக்குப் பெரிய துணை, ஆனால் புரதம் அதன் வழியை மறிக்கக்கூடும். மாத்திரையைப் பாலோடு விழுங்குவதும், பருப்பும் தயிரும் நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்து எடுப்பதும் நம் வீடுகளில் நடக்கிற தவறு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி பின்போ எடுத்தால் அதே மாத்திரை நன்றாக வேலை செய்யும். மருந்தை மாற்றுவதற்கு முன்பு, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள், எதனோடு எடுக்கிறீர்கள், எத்தனை மணிக்குக் கால் நகராமல் தரையில் ஒட்டிக்கொள்கிறது என்று நல்ல மருத்துவர் கேட்பது இதனால்தான். ஒற்றைத் தலைவலியிலும் இப்படித்தான்: மாதத்தில் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ வலிநிவாரணி எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியைத் தொடர வைக்கும்.

இந்த நோய்களில் பல முற்றிலும் குணமாவதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் ஒரே மருத்துவரோடு நடக்க வேண்டியிருக்கும். ஆகவே செலவையும் நினைக்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று அரசு மருத்துவமனை நிபுணரிடம் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். நேராகத் தனியார் நிபுணரைப் பார்த்தால் அந்த மானியம் இல்லை. பக்கவாதம், வலிப்பு நோய், பார்க்கின்சன், முதுமை மறதி ஆகியவை நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருப்பதால், அவற்றின் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு வரம்புக்கு உட்பட்டு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தலாம்.

என் தாயாருக்கு வருவோம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறுவார், விடிந்தால் மறந்துவிடுவார். ஒருவழியாக நிபுணரிடம் அழைத்துச் சென்றேன். 'கை செத்துப்போகுது' என்றார் அம்மா. நான் அதை வலுவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மருத்துவர் கையை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, பிடித்து இழுத்து, கழுத்தைத் திருப்பி, பத்து நிமிடம் பலத்தைச் சோதித்தார்; பலம் சரியாகவே இருந்தது. மரத்துப்போவது வேறு, பலம் போவது வேறு, கூசுவது வேறு, எரிவது வேறு. தமிழில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருந்தும், மொழிபெயர்த்தவன் ஒன்றையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். மயக்கம், தலைச்சுற்றல், கிறுகிறுப்பு ஆகிய மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைக்கும் பிள்ளைகளும் என்னைப் போன்றவர்களே.

பிறகு மருத்துவர் ஒரு பேனாவை அம்மாவிடம் கொடுத்து, எந்த இடம் என்று உள்ளங்கையில் வரைந்து காட்டச் சொன்னார். அம்மா கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றைச் சுற்றிக் கோடு இழுத்து, மோதிர விரலின் நடுவில் நிறுத்தி, 'இந்தப் பாதி நல்லாத்தான் இருக்கு' என்றார். சுண்டு விரலை விட்டுவிட்டார். மணிக்கட்டின் குறுகிய வழியில் நசுங்கும் நடு நரம்பின் எல்லை மிகச் சரியாக அதுதான். மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நரம்பு வேகச் சோதனைக்கு எழுதித் தந்தார், இரவில் கட்டிக்கொள்ள ஒரு மணிக்கட்டுப் பட்டையும் தந்தார். தைலப் புட்டி இன்னும் அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. இப்போது அது முழங்காலுக்கு.